பதின்மூன்று திராட்சை

தைபெய்
2019 நவம்பர் 9

அண்ணா,

தொலைபேசியில் பேசினால் நீ கத்துகிறாய், நான் வைத்துவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீ எடுப்பதும் இல்லை. அதனால் எழுதுகிறேன். கடைசியாக உனக்குக் கடிதம் எழுதியபோது நீ கின்மென் தீவில் ராணுவச் சேவையில் இருந்தாய், எனக்குப் பன்னிரண்டு வயது. கோழி குஞ்சு பொரித்ததை இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

அண்ணி மேல் கோபப்படாதே. உன் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படமெடுத்து அனுப்பியது அவள்தான். ஆனால் அனுப்பச் சொன்னவள் நான். சிறுநீரகம் வடிகட்டும் அளவு இருபத்துநான்கு என்று அதில் இருக்கிறது. ஐம்பத்தேழு வயதில் எண்பதாவது இருக்க வேண்டும். பதினைந்துக்குக் கீழே போனால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மா வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருந்ததை இருவரும் பார்த்தோம்.

போனது திரும்பாது, இருக்கிற இருபத்துநான்கைக் காப்பாற்றலாம். கழுத்து வலிக்கு விழுங்கும் மாத்திரையை நிறுத்து. வானொலியில் அந்த அம்மாள் மருந்து என்று விற்கும் கறுப்புப் பொடியை அண்ணியிடம் கொடுத்துக் குப்பையில் போடச் சொல். உப்புக்கண்டம் போட்ட பன்றி இறைச்சியும் ஊறவைத்த கடுகுக்கீரையும் இல்லாமல் நம் ஹக்கா இனத்துக்காரன் சாப்பிட முடியாது என்று நீ சொல்வாய். முடியும்.

இன்னொன்று. உன் தோட்டத்து நட்சத்திரப் பழம் தின்பதை விட்டுவிடு. ஒரு துண்டுகூட வேண்டாம். காரணம் கேட்காதே. இதைச் சொன்னதற்குத்தான் நீ கத்தினாய் என்று தெரியும். மறுபடியும் சொல்கிறேன்.

ருய்லான்


ஜுவோலான்
நவம்பர் 20

ருய்லான்,

எனக்கு எழுத வராது. பேசற மாதிரிதான் எழுதுவேன். நீ பாடப் பொஸ்தகம் திருத்தறவ, இதையும் சிவப்பு மையில திருத்தி அனுப்பிடாத.

பெட்டியில பன்னெண்டு பழம் வச்சிருக்கேன். இந்த வருஷத்து முதல் அறுப்பு. வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு, உள்ள கொட்டை தெரியும்.

காரணம் கேக்காதேன்னா என்ன அர்த்தம்? நான் என்ன ஸ்கூல் பையனா? முப்பத்தஞ்சு வருஷமா இந்த மரத்தைப் பாத்துக்கறேன். பிஞ்சு ஒவ்வொண்ணுக்கும் காகிதப் பை கட்டணும். நாள் பூரா அண்ணாந்துகிட்டே நிக்கணும். கழுத்து வலிக்காம என்ன பண்ணும்? மாத்திரை போடாதேங்கற. நீ வந்து கட்டறியா? உன்னைக் காலேஜுக்கு அனுப்புனது இந்தப் பழம்தான். அதை விஷம்னு எங்கிட்டயே சொல்ற.

ஒண்ணு கேக்கறேன். போன வருஷம் சித்தப்பா பேத்தி கல்யாணத்துக்குத் தைபெய் வந்தேனில்ல, உன் கட்டடத்து வாட்ச்மேன் ஹுவாங் ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "பெரியவரே, உங்க பழம் தேனு! பதினோரு வருஷமா சாப்பிடறேன், என் சம்சாரம் உங்க பேரைச் சொல்லிக் கும்பிடறா"ன்னாரு. நான் ஈன்னு சிரிச்சுட்டு நின்னேன். ஒரு வார்த்தை உன்னைக் கேக்கல. பன்னெண்டு வருஷம். நான் அனுப்புனதுல நீ ஒரு பழம்கூடத் தின்னதில்ல. ஏன்?

உன் அண்ணி பெட்டியில ரெண்டு முள்ளங்கி வச்சிருக்கா. அதையாவது தின்னு.

ஜின்ஃபா


தைபெய்
நவம்பர் 27

அண்ணா,

ஹுவாங் இந்த வருஷமும் நன்றி சொல்லச் சொன்னார்.

கேட்டுவிட்டாய், பதில் சொல்கிறேன். எனக்கும் சிறுநீரகக் கோளாறு இருக்கிறது. ஒன்பது வருஷமாக. அலுவலகத்தில் ஆண்டுப் பரிசோதனையில் தெரிந்தது. அப்போது நாற்பத்தெட்டு, போன மாதம் நாற்பத்துமூன்று. உங்களிடம் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் நீ அந்தக் கறுப்புப் பொடியை ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருப்பாய்.

ஒன்பது வருஷத்தில் ஐந்துதான் குறைந்தது என்றால் டாக்டரம்மா தலையை ஆட்டுவார். கைதட்ட யாரும் இல்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகத் தினமும் வேலை செய்வது எவ்வளவு அலுப்பு என்று இப்போது உன்னிடம் சொல்லலாம். காலையில் பல் தேய்க்கும் முன் பிரஷர் பார்க்கிறேன். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் தாளிக்கிறேன். நூடுல்ஸ் கடையில் குழம்பைத் தொடாமல் எழுந்தால் கடைக்காரர் முகம் சுளிக்கிறார். இறைச்சி உள்ளங்கை அளவு. திராட்சை என்றால் நாளுக்குப் பதின்மூன்று. உணவு ஆலோசகர் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார், ஏன் பன்னிரண்டு இல்லை என்று கேட்டதற்குச் சிரித்தார். நான் எண்ணித்தான் தின்கிறேன். அலுவலகத்தில் என்னைக் கஞ்சப்பிசினாறி என்கிறார்கள். பரவாயில்லை.

பழத்தைப் பற்றி. அதில் ஒரு பொருள் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும், பழுதானது தள்ளாது. அது ரத்தத்தில் தங்கி மூளைக்குப் போகும். உன் பழம் நல்ல பழம். நமக்குத்தான் ஆகாது. மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

முள்ளங்கி தின்றேன். நன்றாக இருந்தது என்று அண்ணியிடம் சொல்.

ருய்லான்


ஜுவோலான்
டிசம்பர் 8

ருய்லான்,

உன் கடுதாசியை உன் அண்ணி படிச்சுட்டு அழுதா. "தனியா கெடந்து இதையெல்லாம் பாத்துக்கிட்டிருக்காளே, பாவி"ன்னா. நான் அழல. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ஒன்பது வருஷம். ஒவ்வொரு புது வருஷத்துக்கும் வந்து எங்கூட உக்காந்து சாப்பிட்டிருக்க. "ஏன் இறைச்சி எடுத்துக்கல"ன்னா "உடம்பு வைக்குது"ன்னு சொல்லுவ. உடம்பு! காக்கா தூக்கிட்டுப் போற மாதிரி இருந்துக்கிட்டு!

சரி, நீ சொன்னதுல பாதி செஞ்சுட்டேன். மாத்திரையைக் குறைச்சாச்சு. பிரஷர் மிஷின் வாங்கியாச்சு. சோயா சாஸ் கூட உப்பு கம்மின்னு எழுதியிருக்கறதா பாத்து நானே போய் வாங்கினேன். ருசி கொஞ்சமும் குறையல. இப்பல்லாம் ரெண்டு மடங்கு ஊத்திக்கறேன். சந்தோஷமா?

பொடி இன்னும் இருக்கு. அந்த ரேடியோ அம்மா தினமும் "என் அண்ணன்மாரே, சாப்பிட்டீங்களா?"ன்னு கேக்கறா. நீ ஒரு நாளாவது கேட்டியா?

பழம். தினமும் காலையில ஒண்ணு தின்னுட்டுத்தான் தோட்டத்துல எறங்கறேன். பல வருஷமா. எனக்கு ஒண்ணும் ஆகல. ஒண்ணுமே ஆகல.

இப்ப நீ திருத்தறவளாச்சே, இந்தக் கணக்கையும் திருத்து. உனக்கு நோய் வந்து ஒன்பது வருஷம். வாட்ச்மேன் தின்ன ஆரம்பிச்சு பன்னெண்டு வருஷம். மூணு வருஷம் நீ ஏன் தின்னல? அப்ப உனக்கு ஒண்ணும் இல்லையே.

சொல்லு. இல்லாட்டி இனிமே எழுதாத.

ஜின்ஃபா


தைபெய்
டிசம்பர் 15

அண்ணா,

முதலில் சாஸ். அதை நிறுத்து. உப்பைக் குறைத்து அந்த இடத்தில் பொட்டாசியம் போட்டிருக்கிறார்கள், ருசி குறையாததற்கு அதுதான் காரணம். உனக்கு அது உப்பைவிட மோசம். பாட்டிலின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படி.

இனி நீ கேட்டது. இந்தப் பக்கத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். சொல்லாமல் பழத்தை நிறுத்தவைக்க முடியுமா என்று பார்த்தேன், முடியவில்லை. நீ தினமும் ஒன்று தின்கிறாய் என்று எழுதிய பிறகு சும்மா இருக்க முடியாது.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வேலை நடுவில் ஒரு மருத்துவச் செய்தி கண்ணில் பட்டது. டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த சிலர் நட்சத்திரப் பழம் தின்றிருக்கிறார்கள். முதலில் விக்கல். மருந்துக்கு நிற்காத விக்கல். பிறகு நினைவு தடுமாறுதல், வலிப்பு. சிலர் பிழைக்கவில்லை.

அம்மாவுக்கு மூன்று நாள் விக்கல் இருந்தது. நாம் தண்ணீர் குடிக்கவைத்தோம், மூச்சடக்கச் சொன்னோம். நீ கட்டிலுக்குப் பின்னாலிருந்து வாத்து மாதிரி கத்திப் பயமுறுத்தினாய். மூன்றாம் நாள் என்னை யாரென்று கேட்டாள். அன்று மாலை வலிப்பு வந்தது, அதோடு போய்விட்டாள். யூரியா ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார். தொண்ணூற்றாறில் அவர்களுக்கும் தெரியாது.

விக்கல் தொடங்கியதற்கு முதல் நாள் மத்தியானம் நீ தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பழம் கொண்டு வந்திருந்தாய். இருப்பதிலேயே நல்லதாக மூன்று.

நீ தெரிந்து செய்யவில்லை. யாரும் தெரிந்து செய்யவில்லை. உனக்குத் தெரியவே கூடாது என்று பதினைந்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான். நீ உயிரோடு இருக்க வேண்டும்.

ருய்லான்


தைபெய்
2020 ஜனவரி 5

அண்ணா,

மூன்று வாரம் ஆகிறது. அண்ணியும் எடுப்பதில்லை. கோபம் என்றால் திட்டி எழுது. ஒன்றும் எழுத முடியாவிட்டால் அந்தப் பிரஷர் எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதிப் போடு. அது போதும்.

ருய்லான்


ஜுவோலான்
ஜனவரி 16

ருய்லான்,

உன் அண்ணியைத் திட்டாத. சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்.

நீ டிசம்பர்ல போட்ட கடுதாசி வந்தப்ப அதைப் பிரிக்கல. மேஜை மேல கெடந்துச்சு. உள்ள என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் பிரிக்கல.

எனக்கு உனக்கு முன்னாடியே தெரியும், ருய்லான்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால விவசாயிகள் சங்கத்துல கூட்டம் போட்டாங்க. ஒரு சின்ன வயசு டாக்டர் வந்து சுவத்துல படம் காட்டினான். கிட்னி நோயாளிங்க இந்தப் பழத்தைத் தொடக் கூடாதுன்னான். எல்லாரும் எழுந்து கத்தினாங்க. பக்கத்துத் தோட்டத்து அகுவெய் இருக்கானே, "தம்பி, உனக்கு வாழைக்காரன் எவ்வளவு குடுத்தான்?"ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் அந்தப் பையன் "முதல்ல விக்கல் வரும்"னான்.

வெளியில வந்து லாரில உக்காந்தேன். சாவியைப் போட்டுத் திருப்பத் தோணல.

அன்னிக்கு மறுநாள்லேருந்துதான் தினமும் ஒண்ணு. உனக்குக் கிறுக்குத்தனமாத் தெரியும், நீ படிச்சவ. எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா அம்மாவுக்கும் அதனால இல்ல, அவ்வளவுதான் என் கணக்கு. ஒவ்வொரு நாளும் காலையில தின்னுட்டு சாயங்காலம் வரைக்கும் காத்திருப்பேன். ஒண்ணும் ஆகாது. பாத்தியா, பழம் இல்லேன்னு சொல்லிக்குவேன். மறுநாள் மறுபடியும் சந்தேகம் வந்துடும். நல்ல கிட்னி இருக்கறவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அந்தப் பையன் சொன்னது காதுல விழாமயா இருக்கும்? விழுந்துச்சு. பெட்டி மேல "சிறுநீரக நோயாளிகள் உண்ண வேண்டாம்"னு சீட்டு ஒட்டறதும் என் கைதான். உனக்கு அனுப்பற பெட்டில மட்டும் கிழிச்சுடுவேன். நீ படிச்சா உனக்கு ஞாபகம் வந்துடும்னு பயம்.

உனக்கு ஒண்ணுன்னு எழுதினேன், ஆனா இருபத்துநாலுன்னு தாள் வந்ததுக்கு அப்புறம் ரெண்டா தின்னேன். ஏன்னு கேக்காத. இப்ப காரணம் கேக்காதேன்னு சொல்றது என் முறை.

டிசம்பர் இருபத்தாறு மத்தியானம் விக்கல் வந்துச்சு. முதல்ல சிரிப்பு வந்துச்சு. சாயங்காலம் ஆச்சு, நிக்கல. உன் அண்ணி முதுகுல தட்டினா, தண்ணி குடுத்தா. நான் அவகிட்ட உன் கடுதாசியைப் பிரிச்சுப் படிக்கச் சொன்னேன். அவ பாதி படிச்சா. அப்புறம் லாரியை எடுத்தா. மலை எறக்கத்துல அவ அவ்வளவு வேகமா ஓட்டி நான் பாத்ததில்ல. "நீ செத்தியானா உன் மரத்தையெல்லாம் வெட்டி உன் கூடவே எரிப்பேன், கெழட்டு மாடே"ன்னு திட்டிக்கிட்டே ஓட்டினா. நான் விக்கிக்கிட்டே "பச்சை மரம் எரியாதுடி"ன்னேன்.

ரெண்டு நாள் விடாம ரத்தத்தைச் சுத்தம் பண்ணினாங்க. அம்மா படுத்த மாதிரியே படுத்திருந்தேன். குழாய்க்குள்ள என் ரத்தம் போறதைப் பாத்துக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சேன். நான் வாத்து மாதிரி கத்தினப்ப அம்மா சிரிச்சா. விக்கலுக்கு நடுவுல சிரிச்சா.

இப்ப இருபது. இங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா "இதுவாவது நிக்கட்டும்"னாங்க.

மூணு பழம். நான் பொறுக்கி எடுத்துட்டு வந்த பழம். கொண்டு வந்தவன் நான்.

ஜின்ஃபா


தைபெய்
ஜனவரி 22

அண்ணா,

இருபது என்பது மோசமில்லை. அதை இருபதாகவே பல வருஷம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நான் பொய் ஆறுதல் சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

அதனால் இதையும் சொல்லிவிட வேண்டும். டிசம்பர் கடிதத்தில் நான் ஒன்றை விட்டுவிட்டேன்.

நீ பழத்தை மேஜையில் வைத்துவிட்டு, லாரி வழியை மறிக்கிறது என்று ஆஸ்பத்திரிக் காவலாளி சத்தம் போட்டதால் கீழே போனாய். நினைவிருக்கிறதா? திரும்பி வர அரை மணி நேரமானது. அந்த அரை மணி நேரத்தில் நான் ஒரு பழத்தை எடுத்துக் கழுவி, ஐந்து விளிம்பையும் சீவி, குறுக்கே வெட்டினேன். அம்மா நான்கு நாளாக எதுவும் சாப்பிடவில்லை. பல்குத்தும் குச்சியில் செருகி வாயருகே கொண்டுபோனேன். ஒரு துண்டு தின்றாள். "ஜின்ஃபா மரமா? இன்னொண்ணு குடுடி" என்றாள். நான் கொடுத்தேன். ஒரு முழுப் பழத்தையும் கொடுத்தேன். அவள் சாப்பிட்டுவிட்டாள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீ வருவதற்குள் தட்டைக் கழுவி வைத்துவிட்டேன்.

கொண்டு வந்தவன் நீ. வெட்டி ஊட்டியவள் நான். உன்னைக் காப்பாற்றவே பேசாமலிருந்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதிதான் உண்மை. பேச்சை எடுத்தால் யார் ஊட்டினார்கள் என்று நீ கேட்பாய். அந்தக் கேள்வியிலிருந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். உன் பழத்தை ஹுவாங்கிடம் கொடுத்துவிட்டு உன்மேல் இரக்கப்படுவதாக நினைத்துக்கொண்டேன். அந்த டிசம்பர் கடிதத்தில்கூட "நீ கொண்டு வந்திருந்தாய்" என்று எழுதிவிட்டு அங்கேயே நிறுத்தினேன். எழுதும்போது தெரிந்தேதான் நிறுத்தினேன்.

நீ தினமும் ஒன்று தின்று பார்த்தாய். நான் ஒன்றும் செய்யவில்லை. கீரையை வடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு அந்தப் பழம் பிடித்திருந்தது. இதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நடந்தது என்பதால் எழுதுகிறேன்.

ருய்லான்


ஜுவோலான்
பிப்ரவரி 4

ருய்லான்,

உன் கடுதாசியை நானே படிச்சேன். கண்ணாடி போட்டுக்கிட்டு. உன் அண்ணிகிட்டக் குடுக்கல.

லாரி ஞாபகம் இருக்கு. அந்தக் காவலாளி மொகம்கூட ஞாபகம் இருக்கு. திரும்பி வந்தப்ப மேஜையில ரெண்டு பழம்தான் இருந்துச்சு. யாரோ நர்ஸ் எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். இல்ல, அப்படி நெனைக்கணும்னு நெனச்சேன். உன்னை ஒரு நாளும் கேக்கல. ஏன் கேக்கலேன்னு இப்பத்தான் எனக்கே புரியுது.

இன்னொண்ணு குடுன்னு கேட்டாளா? நெசமாவா? நீ பொய் ஆறுதல் சொல்ல மாட்ட. அதனால நெசம்னு வச்சுக்கறேன்.

அந்த வரியை மட்டும் நாலு தடவை படிச்சேன்.

பொடியை உன் அண்ணி கோழிக் கூண்டுக்குப் பின்னால புதைச்சுட்டா. மாத்திரை முழுசா நிறுத்தியாச்சு, கழுத்து உயிர் போகுது. இந்த வருஷம் பை கட்ட ஆள் வச்சிருக்கேன். அவன் கட்டற லட்சணத்துக்கு நான் பிரஷர் ஏறியே போயிடுவேன். காலையில நூத்தி முப்பத்தெட்டுக்கு எண்பத்தஞ்சு. சாயங்காலம் பாக்க மறந்துட்டேன், திட்டாத.

பெட்டியில நம்ம பழம் இல்ல. அகுவெய் தோட்டத்துத் திராட்சை. டாக்டரம்மாகிட்டக் கேட்டேன், எனக்கும் பதிமூணுன்னாங்க. ஏன் பன்னெண்டு இல்லேன்னு நானும் கேட்டேன், அவங்களும் சிரிச்சாங்க. கத்திரிக்கோலை எடுத்துக்கிட்டு நேத்து சாயங்காலம் பூரா உக்காந்து நறுக்கி வச்சிருக்கேன். கொத்துக்குப் பதிமூணு. பத்து கொத்து இருக்கு, பத்து நாளைக்கு வரும். நீ எண்ண வேண்டாம்.

ஒரு கொத்துல பன்னெண்டுதான் இருக்கும். உன் அண்ணி வாய் சும்மா இருக்காது.

வாட்ச்மேனுக்குக் குடுத்துடாத.

ஜின்ஃபா